கண்ணாடியில் ஒரு கட்டைவிரல் மேடு – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அம்மா போய் பதினான்கு மாதம் ஆகிறது. தினமும் பிரார்த்தனை செய்கிறேன். உதடு அசைகிறது, உள்ளே ஒன்றும் அசைவதில்லை. குரோஷா பின்னுவதையும் நட்சத்திரம் பார்ப்பதையும் பற்றி எழுதியபோது, “நம்பிக்கை எனக்குக் கை வழியாகத்தான் திரும்பி வந்தது” என்று ஒரு வரி எழுதிவிட்டு வேறு விஷயத்துக்குப் போய்விட்டீர்கள். அது எப்படி வந்தது? வெறும் பொழுதுபோக்கைப் பக்தி என்று நாமே பெயர் மாற்றிக்கொள்கிறோமா?
— பெயர் வேண்டாம் என்ற வாசகி

பதில்: அந்த ஒரு வரியோடு தப்பித்துவிடலாம் என்று நினைத்தேன். விடமாட்டேன் என்கிறீர்கள். சரி, சொல்கிறேன்.

அப்பா படுத்த படுக்கையாக இருந்த ஏழு மாதமும் இரவு முறை என்னுடையது. பகல் அண்ணனுடையது. இரவு இரண்டு மணிவாக்கில் அப்பாவுக்கு மூச்சு இழுக்கும். முதுகில் கை கொடுத்து எழுப்பி உட்காரவைப்பேன். அடங்கியதும் படுக்கவைப்பேன். நடுவில் பிரார்த்தனை. “அப்பாவைக் காப்பாற்று” என்று தொடங்கியது, நாலாவது மாதத்தில் “சீக்கிரம் கூப்பிட்டுக்கொள்” என்று வந்து நின்றது. அப்படி ஒன்றை வேண்டியதற்கு அப்புறம் எனக்கு வாய் திறக்கவே கூச்சமாகிவிட்டது. கையில் மிச்சம் இருந்தது குரோஷா ஊசி மட்டும்.

என்ன பின்னினேன் என்று கேட்காதீர்கள். ஒரு சதுரம். பெரிதாகிப்போனால் பிரித்துவிட்டு மறுபடி அதே சதுரம். ஒரே நூல் மூன்று முறை சதுரமாகி மூன்று முறை உருண்டையானது. பிரிக்கும்போது நூல் நேராக வராது, நெளிநெளியாக வரும். கண்ணிகள் எங்கெங்கே இருந்தன என்பதை அந்த நெளிவிலேயே எண்ணிவிடலாம். அப்பா தூங்கும்போது அதை விரலால் நீவிக்கொண்டே இருப்பேன். அதில் ஞானம் எதுவும் கிடைக்கவில்லை. விடிந்தது, அவ்வளவுதான்.

அப்பா போன மறுமாதம் அண்ணன் இரண்டு வட்டக் கண்ணாடிகளைக் கொண்டுவந்து வைத்தார். ஒவ்வொன்றும் ஆறு அங்குல விட்டம், தூக்கினால் கை கனக்கும். அண்ணன் அதிகம் பேசுகிறவர் இல்லை. “டெலஸ்கோப்புக்குக் கண்ணாடி தேய்க்கப்போறேன், கூட நில்லு” என்றார்.

ஒரு பீப்பாயின் மேல் ஒரு கண்ணாடியை அசையாமல் பொருத்தி, கார்போரண்டம் என்ற கடினமான தேய்ப்புத் தூளும் தண்ணீரும் தெளித்து, இன்னொரு கண்ணாடியை அதன்மேல் வைத்து முன்னும் பின்னும் தள்ள வேண்டும். ஆறேழு தள்ளு, ஓர் எட்டு நகர்வு, மேல் கண்ணாடியைக் கொஞ்சம் திருப்பல், மறுபடி தள்ளு. பீப்பாயை வலம் வந்துகொண்டே இருக்கிறோம். இதில் என்னை அசத்தியது என்ன தெரியுமா? ஒளியைக் குவிக்கக் கண்ணாடியில் ஒரு குழி வேண்டும், அந்தக் குழியை யாரும் செதுக்குவதில்லை. இப்படித் தேய்த்தாலே மேலே இருப்பது குழிகிறது, கீழே இருப்பது மேடாகிறது. ஒரு தள்ளு கொஞ்சம் கோணல், அடுத்தது வேறு மாதிரிக் கோணல். கோணல்கள் எல்லாத் திசையிலும் சிதறி ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, கடைசியில் மிஞ்சுவது ஒரு கோளத்தின் துண்டு. எங்கள் கண்ணாடியின் நடுக்குழி ஆழம் 1.2 மில்லிமீட்டர்தான். அதற்கே பல வாரங்கள்.

முரட்டுத் தூளில் ஆரம்பித்து மெல்லிய தூளுக்குப் போக வேண்டும், எண் கூடக் கூடத் தூள் மெல்லிசு. 220-ஆம் எண் தூளுக்கு வந்திருந்தபோது, எங்கேயோ ஒட்டிக்கொண்டிருந்த 80-ஆம் எண் துகள் ஒன்று நடுவில் மாட்டியது. ‘கர்ர்’ என்று ஒரே ஒரு சத்தம். தூக்கிப் பார்த்தால் குறுக்கே நீளமாக ஒரு கீறல். வாளியைக் கழுவியது நான். அண்ணன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. 120-ஆம் எண் டப்பாவைத் திறந்தார். பழையபடி பீப்பாயைச் சுற்ற ஆரம்பித்தோம்.

பளபளப்பு ஏற்றி முடித்ததும் சோதனை. லியோன் ஃபூக்கோ என்ற பிரெஞ்சுக்காரர் 1858-இல் சொல்லிக்கொடுத்த முறை அது. ஊசித்துளை அளவு ஒரு வெளிச்சம், ஒரு சவர பிளேடு, இவ்வளவுதான் கருவி. கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒளி குவிகிற இடத்தில் பிளேடை மெல்ல நுழைத்தால், கண்ணுக்கே தெரியாத மேடுபள்ளங்கள் நிழலும் வெளிச்சமுமாக எழுந்து நிற்கும். கோளக் குழியைப் பரவளையமாக்க, அதாவது ஒளி முழுக்க ஒரே புள்ளியில் குவியும் வடிவமாக்க, எங்கள் கண்ணாடியில் மாற்ற வேண்டியிருந்தது, ஏறக்குறைய ஒரு தலைமுடியின் தடிமனில் இருநூறில் ஒரு பங்குதான். கையால்தான் அதையும் செய்ய வேண்டும்.

அன்றைக்கு அண்ணன், “கட்டைவிரலைக் கண்ணாடிமேல வை” என்றார். வைத்தேன். பத்து எண்ணிவிட்டு எடுக்கச் சொன்னார். பிளேடு வழியாகப் பார்த்தால், என் விரல் இருந்த இடத்தில் ஒரு மேடு. விரல் சூட்டில் கண்ணாடி வீங்கியிருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன், மெதுவாக, ரொம்ப மெதுவாக அடங்கியது. ஏழு மாதம் அப்பாவின் முதுகில் வைத்த கை இது. தொட்டால் ஏதோ ஆகத்தான் செய்கிறது என்று தோன்றியது.

கண்ணாடிக்கு அலுமினியப் பூச்சு ஏற்றி, குழாயில் பொருத்தி, முதல் இரவு பார்த்தேன். பரவசம் வரும் என்று காத்திருந்தேன், கழுத்து வலி வந்தது. இரண்டாம் இரவும் அப்படியே. நாலைந்து இரவுகள் கழித்து அண்ணன் சனிக்கோளைப் பிடித்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். கண்ணை வைத்தேன். கறுப்பில் வெட்டி ஒட்டியதுபோல் வளையத்தோடு நின்றது. “அடேயப்பா!” என்றேன்.

எதையும் கேட்காமல், யாரிடமும் பேரம் பேசாமல் என் வாயிலிருந்து மேல்நோக்கிப் போன சொல், ஒரு வருடத்தில் அதுதான் முதல். அதற்குள்ளேயே ‘அப்பா’ இருக்கிறார் என்பது மறுநாள்தான் உறைத்தது.

நீங்களும் கண்ணாடி தேய்க்க வேண்டும் என்று சொல்ல வரவில்லை. பிரார்த்தனையை நிறுத்தாதீர்கள், அதை நெம்பவும் நெம்பாதீர்கள். கைக்கு ஒரு வேலை கொடுங்கள். பிரித்துவிட்டுத் திரும்பச் செய்தாலும் மனம் உடையாத சின்ன வேலையாக இருக்கட்டும். வாரத்தில் ஓர் இரவு போனை உள்ளே வைத்துவிட்டு அரை மணி நேரம் வெளியே நில்லுங்கள். இருட்டுக்குக் கண் பழக அவ்வளவு நேரம் ஆகும். நடுவில் ஒரு தடவை போனைப் பார்த்தால் ஆரம்பத்திலிருந்து காத்திருக்க வேண்டும். மங்கலான பொருளை நேராகப் பார்த்தால் மறைந்துவிடும், சற்றுத் தள்ளிப் பார்த்தால் தெரியும். மங்கிய ஒளியை உணரும் செல்கள் விழித்திரையின் மையத்தில் இல்லை, அதைச் சுற்றித்தான் இருக்கின்றன. இதை உடனே உவமையாக்கி ஒரு பத்தி எழுத என் பேனா துடிக்கிறது. வேண்டாம், உங்களுக்கே புரியும்.

பொழுதுபோக்கா என்று கேட்டீர்கள். ஆமாம், பொழுதுபோக்குதான். துக்கத்தில் இருப்பவருக்குப் பொழுது போவதே எவ்வளவு பெரிய காரியம் என்று பதினான்கு மாதத்தில் நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

கேள்வி: வானம் பார்க்க ஆசை. உடனே டெலஸ்கோப் வாங்கிவிடலாமா?

பதில்: வேண்டாம். முதல் சில மாதம் வெறும் கண் போதும். பத்து நட்சத்திரங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரிந்த பிறகு ஒரு பைனாகுலர், 7x50 அல்லது 10x50 (முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்பது, இரண்டாவது முன்கண்ணாடியின் விட்டம் மில்லிமீட்டரில்). கார்த்திகைக் கூட்டத்தை அதில் பாருங்கள். வெறும் கண்ணுக்கு ஆறோ ஏழோதான் தெரியும், பைனாகுலரில் கொட்டிக் கிடக்கும். பெரும்பாலான டெலஸ்கோப்புகளில் அந்தக் கூட்டம் முழுசாக அடங்காது. பெட்டியின்மேல் “500 மடங்கு பெரிதாக்கும்” என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் சின்ன டெலஸ்கோப்பைப் பார்த்தால் நின்றுகூடப் பேசாதீர்கள்.

கேள்வி: எம்பிராய்டரி ஓரளவு வரும். ஓரியன் நட்சத்திரக் கூட்டத்தைத் துணியில் தைத்து மாட்ட ஆசை. எப்படித் தொடங்குவது?

பதில்: முதலில் என் அவமானத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் தைத்த ஓரியன் வீட்டுச் சுவரில் எட்டு மாதம் தொங்கியது. ஒருநாள் அண்ணன் பார்த்துவிட்டு, “இது எந்த ஊர் வானம்?” என்றார். படத்தைத் துணியின் பின்பக்கம் வரைந்து முன்பக்கம் தைத்திருக்கிறேன். இடம் வலம் மாறிப்போயிருந்தது. எனக்குத் துணை இருக்கிறது, கேளுங்கள். நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையம் 1913-இல் திறந்தபோதே அதன் கூரையில் வரைந்த வானம் இடம் வலம் மாறித்தான் இருந்தது. வானத்துக்கு வெளியே இருந்து கடவுள் பார்ப்பதுபோல் வரைந்தது என்று சமாதானம் சொன்னார்கள். நானும் அதையே அண்ணனிடம் சொல்லிப் பார்த்தேன். “கடவுள் உன் துணிக்குப் பின்னாடியா நிக்கிறார்?” என்றார். பிரித்தேன்.

ஆகவே முன்பக்கம் வரையுங்கள். வடக்கு மேலே இருக்கும்படி வைத்தால் திருவாதிரை இடது மேல் மூலையில், ரைஜல் வலது கீழ் மூலையில், நடுவே இடுப்புப்பட்டை மூன்று. அடர் நீலமோ கறுப்போ, நெருக்கமாக நெய்த பருத்தித் துணி எடுங்கள். எல்லா நட்சத்திரத்துக்கும் வெள்ளை நூலை எடுத்துவிடாதீர்கள். திருவாதிரைக்கு ஆரஞ்சு, ரைஜலுக்கு லேசான நீலம் கலந்த வெள்ளை. அந்த நிற வித்தியாசம் வெறும் கண்ணுக்கே தெரியும். நூல் தேடும்வரை நானும் கவனித்ததில்லை. பெட்டியில் ஆரஞ்சில் மட்டும் ஐந்து சாயல் இருந்தது. எது சரி என்று பார்க்க இரவு வெளியே போய் நின்றேன். ஒரே நட்சத்திரத்தை முழுசாகக் கால் மணி நேரம் பார்த்தது அன்றுதான்.

நட்சத்திரத்துக்குப் பிரெஞ்சு நாட்தான் பொருத்தம், ஊசியில் நூலைச் சுற்றிப் போடும் குட்டி முடிச்சு அது. ஆறு இழை நூலைப் பிரித்து, பிரகாசமானதற்கு மூன்று இழை, மங்கலானதற்கு ஒன்று. ஊசியில் இரண்டு சுற்று போதும். நூலை இடது கையால் இழுத்துப் பிடித்தபடியே ஊசியை இறக்குங்கள். ஏறிய துளையிலேயே இறக்கினால் முடிச்சு வழுக்கிப் பின்பக்கம் போய்விடும், நட்சத்திரம் காணாமல் போகும். ஓரிரு இழை தள்ளிக் குத்துங்கள்.

எலன் ஹார்டிங் பேக்கர் என்ற அமெரிக்கப் பெண்மணி, அயோவா மாநிலத்தவர், கம்பளித் துணியில் சூரியக் குடும்பத்தையே தைத்தவர். நடுவில் சூரியன், சுற்றிக் கோள்கள், அவற்றின் துணைக்கோள்கள், ஒரு வால்நட்சத்திரமும் உண்டு. மூலையில் 1876 என்று ஆண்டையும் தைத்திருக்கிறார். வானியல் பாடம் எடுக்கும்போது அதைத்தான் காட்டி விளக்குவாராம். இன்று அது அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கேள்வி: எனக்கு 65 வயது. கணவர் இரண்டு வருடம் முன்பு தவறிவிட்டார். “தாத்தா நட்சத்திரமாகிவிட்டார்” என்று எட்டு வயதுப் பேத்தியிடம் சொல்லிவைத்தேன். இப்போது அவள், “பாட்டி, நாம் பார்க்கிற நட்சத்திரம் எல்லாம் எப்பவோ செத்துப்போனதாமே?” என்று கேட்டு அழுகிறாள். என்ன சொல்வேன்?

பதில்: முதலில் அது உண்மையில்லை என்று சொல்லுங்கள், அழுகை நிற்கும். வெறும் கண்ணுக்குத் தெரிகிற நட்சத்திரங்களில் பெரும்பாலானவை சில நூறு அல்லது சில ஆயிரம் ஒளியாண்டு தூரத்துக்குள் இருப்பவை. நட்சத்திரத்தின் ஆயுளோ கோடிக்கணக்கான ஆண்டுகள். ஒளி வந்து சேர்வதற்குள் அவை செத்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. நாளைக்கே வெடிக்கும் என்று எல்லோரும் பயமுறுத்தும் திருவாதிரைகூட வெடிக்க ஒரு லட்சம் ஆண்டு ஆகலாம் என்பதுதான் கணக்கு.

அப்புறம் அவளை அழைத்துப்போய் சிரியஸைக் காட்டுங்கள். இரவு வானத்து நட்சத்திரங்களில் அதுதான் மிகப் பிரகாசம், தேட வேண்டியதில்லை. அதன் ஒளி நம்மை வந்தடைய 8.6 ஆண்டு ஆகும். இன்றிரவு அவள் கண்ணில் விழும் வெளிச்சம் கிளம்பியபோது அவள் கைக்குழந்தையோ, இன்னும் பிறக்கவே இல்லையோ, கணக்குப் போடச் சொல்லுங்கள். தாத்தா அப்போது இருந்தார். இதில் பொய் ஒரு துளி இல்லை. தாத்தா நட்சத்திரமாகிவிட்டார் என்பதை நீங்கள் திரும்பப் பெற வேண்டியதும் இல்லை, வற்புறுத்த வேண்டியதும் இல்லை. அதை என்ன செய்வது என்று அவளே பார்த்துக்கொள்வாள்.

உங்களுக்கும் ஒன்று இருக்கிறது. ரோகிணி, லேசான ஆரஞ்சு நிறம், கார்த்திகைக்குப் பக்கத்தில். தூரம் 65 ஒளியாண்டு.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற பொறியாளர், நாத்திகன். நட்சத்திரம் என்பது ஹைட்ரஜன் வாயு. அதைப் பார்த்து வாய் பிளப்பதை நம்பிக்கை என்று எழுதுவது அறிவியலுக்கும் நல்லதல்ல, உங்கள் கடவுளுக்கும் மரியாதையல்ல.

பதில்: பாதி ஒப்புக்கொள்கிறேன் ஐயா. நட்சத்திரத்தைக் காட்டி, “பார், இதைப் படைத்தவன் ஒருவன் இருக்கிறான்” என்று மல்லுக்கு நிற்பவர்களைக் கண்டால் எனக்கும் சலிப்புத்தான். சனியின் வளையம் எதையும் நிரூபிக்கவில்லை. அது பாட்டுக்கு இருக்கிறது.

ஆனால் ஜான் டாப்சனைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். உங்களைப் போல் நாத்திகராக இருந்தவர், 1944-இல் சான் பிரான்சிஸ்கோ வேதாந்த மடத்தில் துறவியாகச் சேர்ந்தார். வானியலும் வேதாந்தமும் எங்கே ஒத்துப்போகின்றன என்று ஆராய்வதுதான் மடத்தில் அவருக்குக் கொடுத்த பணி. அவரோ கப்பல் ஜன்னல் கண்ணாடியைத் தேய்த்து டெலஸ்கோப் செய்து, அக்கம்பக்கத்துக்காரர்களுக்கு நிலாவைக் காட்டப் போய்விட்டார். 1967-இல் மடத்தை விட்டு வெளியேற்றினார்கள். மறுவருடமே தெருவோரத்தில் டெலஸ்கோப்போடு நின்று, போகிற வருகிறவர்களைக் கூப்பிட்டு வானம் காட்டுகிற ஒரு கூட்டம் அவரைச் சுற்றி உருவாகிவிட்டது. ஒட்டுப்பலகையும் அட்டைக்குழாயும் வைத்து அவர் செய்த எளிய டெலஸ்கோப் தாங்கிக்குத்தான் இன்றைக்கு உலகம் முழுக்க டாப்சோனியன் என்று பெயர். அதற்கு அவர் காப்புரிமை எடுத்துக்கொள்ளவில்லை. பெருவெடிப்புக் கொள்கையை அவர் கடைசிவரை ஏற்கவில்லை. அதில் அவர் பக்கம் நான் இல்லை. துறவு போனதா, இடம் மட்டும் மாறியதா என்பதை உங்களிடமே விடுகிறேன்.

பொறியாளருக்குப் பிடிக்கிற மாதிரி ஒன்று. ஆண்ட்ரோமெடா விண்மீன் மண்டலம் வெறும் கண்ணுக்கே ஒரு மங்கல் தீற்றலாகத் தெரியும். தூரம் சுமார் 25 லட்சம் ஒளியாண்டு. அந்த ஒளி கிளம்பிய காலத்தில் பூமியில் நம் முன்னோர்கள் கல்லைக் கல்லால் தட்டி முனை செய்துகொண்டிருந்தார்கள். கிடைத்திருக்கும் பழைய கற்கருவிகளில் சில அந்த வயதுடையவை. அவ்வளவு தூரம் வந்த ஒளியை, கண்ணாடியைக் கண்ணாடியால் தேய்த்துச் செய்த ஒரு குழியில் பிடிக்கிறோம். இதைக் கேட்டும் “ஹைட்ரஜன்தானே” என்பீர்களானால், சரி, ஹைட்ரஜன்தான். நேரில் வந்தீர்களென்றால் காட்டுகிறேன், வாதம் வேண்டாம்.

கேள்வி: மேகம் மூடிய இரவுகளில் என்ன செய்வீர்கள்?

பதில்: பின்னுவேன். அந்தப் பழைய சதுரத்து நூலையேதான், இன்னும் முடிக்கவில்லை. போன வாரம் இரவு பத்தரைக்கு அண்ணன் போன் செய்து, “மேற்கே கொஞ்சம் திறந்திருக்கு, ஓடு” என்றார். கையில் இருந்ததைப் போட்டுவிட்டு மாடிக்கு ஓடினேன். நான் போய்ச் சேர்வதற்குள் மூடிவிட்டது. கீழே வந்து, ஊசியை எங்கே வைத்தேன் என்று விளக்கைப் போடாமலேயே தேடினேன். ஒருவேளை மறுபடி திறந்தால் கண் பழகியிருக்க வேண்டுமே.